எண்ணும் ஒலியும்: ஹெட்போனுக்கு ஏற்ற மாற்றியைத் தெரிந்துகொள்ளும் முறை

எமது கல்லூரியின் விழா மலருக்குத் தமிழாசிரியராகிய யாம் இலக்கியக் கட்டுரை ஒன்றே வரைவோம் எனப் பழைய மாணவரும் இந்நாள் மாணவரும் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவ்வாறிருக்க, கைத்தொலைபேசிக்கும் ஹெட்போனுக்கும் இடையே பூட்டப்படும் ஒரு சிறு கருவியைப் பற்றி எழுதப் புகுந்தமை சிலர்க்கு வியப்பை விளைக்கலாம். இதற்குக் காரணங்கள் இரண்டு உள.

முதலாவது, ஒலியையும் எண்ணையும் சேர்த்து ஆராய்தல் தமிழாசிரியர்க்குப் புறம்பான துறை அன்று. 1920களின் பிற்பகுதியில் திருக்கோணமலை இந்துக் கல்லூரியைப் பேணி வளர்த்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டமும் தமிழ்ப் புலமையும் ஒருங்கே பெற்றவர். 1947ஆம் ஆண்டில் வெளிவந்த தமது யாழ்நூலிலே பண்டைத் தமிழரின் இசை நரம்புகளைக் கணித முறையால் அளந்து காட்டியவர் அவரே. குரல் என்னும் சுரம் விநாடிக்கு 240 முறை அதிருமாயின், இளி என்னும் சுரம் 360 முறை அதிரும். 2க்கு 3 என்னும் அவ்விகிதத்தைச் செவியானது இனிமையென உணர்கின்றது. ஆகவே, ஒலியை எண்ணால் எழுதலாம் என்பது எம்மவர்க்குப் புதிய செய்தி அன்று.

இரண்டாவது காரணம், எம்முடைய மாணாக்கர் ஒருவர்க்கு யாம் அறியாது கூறிய அறிவுரையினால் அவர்க்கு நேர்ந்த பொருளிழப்பாகும். அதனை முதற்கண் கூறி, பின்னர் விடயத்துட் புகுவோம்.

யாம் செய்த பிழை

அம்மாணாக்கர் நகருக்கு வடக்கேயுள்ள கடலோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். தந்தையார் மீன்பிடித் தொழிலர். 2021ஆம் ஆண்டிலே, உயர்தர வகுப்பிற் பயின்ற காலத்தில், நாட்டார் பாடல்களைத் திரட்டி வருமாறு யாம் இட்ட பணிக்காகத் தம் அம்மம்மா பாடிய தாலாட்டுக்கள் சிலவற்றைக் கைபேசியிற் பதிவு செய்தார். அடுத்த ஆண்டிலே அம்மூதாட்டியார் இறைவனடி சேர்ந்தார். அதன்பின் அப்பதிவு, வகுப்புப் பணி என்னும் நிலையினின்று நீங்கி, அக்குடும்பத்தின் செல்வமாயிற்று.

மடிக்கணினியில் அதனை இட்டு ஹெட்போன் வழியாகக் கேட்டபோது, குரலுக்குப் பின்னே ஓர் இரைச்சலும், அதனோடு சேர்ந்து வண்டின் முரற்சி போன்ற ஓர் ஒலியும் எழுந்தன. “சேர், நல்ல டாக் ஒன்று பூட்டினால் அம்மம்மாவின் குரல் தெளியுமோ?” என்று எம்மிடம் வினவினார். டாக் என்பது கடைகளில் வழங்கும் பெயர். இலக்கமுறை ஒலியைத் தொடரலையாக மாற்றும் கருவி அது. யாம் அதுபற்றி ஒன்றும் அறியேம். எனினும், ஆசிரியர்க்கு இயல்பான துணிவோடு, “தெளியும், வாங்குக” என்று கூறிவிட்டோம்.

விடுமுறை நாள்களிற் கரைவலை இழுத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு, கொழும்பிலுள்ள கடையொன்றில் 28,000 ரூபாய்க்கு ஓர் அழகிய கறுப்புப் பெட்டியை அவர் வாங்கினார். பெட்டியின் முகப்பிலே பெரிய பெரிய எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன. பூட்டிக் கேட்டார். முரற்சி மறைந்தது, இரைச்சலோ இருந்தவாறே இருந்தது. அம்மம்மாவின் குரல் ஓர் இம்மியளவும் தெளியவில்லை. “பரவாயில்லை, சேர்” என்று மட்டும் அவர் சொன்னார். அச்சொல் எம்மை உறுத்திற்று. பௌதிகவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரைத் துணைக்கொண்டு யாம் பின்னர்க் கற்றறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

மாற்றி என்பது யாது?

எமது பழைய மாணவருள் மூத்தோர் இளமையிற் கேட்ட ஒலியெல்லாம் தொடக்கம் முதல் இறுதி வரை அலையாகவே வந்தது. இசைத்தட்டின் வரிப்பள்ளம், இலங்கை வானொலியின் ஒலிபரப்பு, வீட்டு வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கி ஆகிய யாவும் ஓர் அலையை மற்றோர் அலையாக்கிக் கைம்மாற்றியவையே. இன்று கைபேசியில் உறைவது அலை அன்று. எண்களின் வரிசையே ஆகும். செவியோ எண்ணை அறியாது. ஆதலின், எண்ணை மீட்டும் அலையாக்குதற்கு ஒரு கருவி வேண்டும். அதுவே மாற்றி.

இதனை விளங்கிக்கொள்ள எம்மூர்த் துறைமுகத்தின் கடல் வரைபடத்தை நினைத்துக் கொள்க. அவ்வரைபடத்தில் நீர்ப்பரப்பெங்கும் சிறு சிறு எண்கள் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வோர் எண்ணும் அவ்விடத்து ஆழத்தைக் குறிக்கும். முற்காலத்திலே ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி அளந்தனர். இக்காலத்தில் ஒலியலையால் அளக்கின்றனர். மாலுமி அவ்வெண்களைக் கொண்டே கண்ணுக்குப் புலனாகாத கடற்றரையின் வடிவத்தை உய்த்துணர்கின்றான். அளவுகள் மிக அகன்று இருப்பின், இரண்டு எண்களுக்கிடையே ஒரு பாறை மறைந்து கிடக்கலாம். போதிய நெருக்கமாக அளந்தால் அவ்விடர் இல்லை.

ஒலிப்பதிவும் அத்தகையதே. 1982ஆம் ஆண்டிலே சோனி, பிலிப்ஸ் என்னும் நிறுவனங்கள் விற்பனைக்குக் கொணர்ந்த குறுந்தட்டிலே, ஒலியலையின் உயரம் விநாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகின்றது. இவ்வெண் எங்ஙனம் வந்தது? ஓர் ஒலியிலுள்ள மிகவுயர்ந்த மீடிறனைப் போல் இருமடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் அளந்தால், அவ்வொலியை எவ்விதக் குறைவுமின்றி மீட்கலாம் என்பது விதி. ஹரி நைக்குவிஸ்ட் 1928ஆம் ஆண்டில் இதற்கு அடிகோலினார். குளோட் ஷானன் 1949ஆம் ஆண்டில் இதனைத் தெளிவாக நிறுவினார். மனிதச் செவி விநாடிக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 அதிர்வு வரை கேட்கும். 44,100இன் பாதி 22,050. செவியின் எல்லைக்கு அது போதும். எம்மைப்போல் நாற்பதைக் கடந்தவர் பலர்க்கோ அந்த 20,000தானும் எட்டுவதில்லை.

ஒவ்வோர் அளவையும் எத்துணை நுட்பமாக எழுதுவது என்பது அடுத்த வினா. குறுந்தட்டிலே ஒவ்வோர் அளவும் 16 பிற்றுக்களால் எழுதப்படும். அஃதாவது 65,536 படிகளுள் ஒன்றாக அமையும். ஒரு பிற்றுக்கு ஏறத்தாழ 6 டெசிபெல் என்னும் கணக்கின்படி, மிகமெல்லிய ஒலிக்கும் மிகவுரத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபெல் அகலம் கிடைக்கின்றது. இரவிலே அமைதியான ஓர் அறையிற் கேட்பார்க்கும் இது மிகுதியே.

இலக்கமுறை ஒலி படிக்கட்டுப்போல் முறிந்து முறிந்து வரும் எனச் சிலர் எண்ணுவர். அது பிழை. மாற்றியின் ஈற்றிலுள்ள வடி, செவிக்கு அப்பாற்பட்ட மீடிறன்களை நீக்கிவிடும். வெளிவருவது வழுவழுப்பான ஒற்றை அலையே. மாலுமியின் மனத்திற் கடற்றரை படிக்கட்டாக அன்றித் தொடர்ந்த நிலமாகத் தோன்றுதல்போல என்க.

நிற்க. கைபேசியிலும் மடிக்கணினியிலும் மாற்றி ஒன்று முன்னரே உண்டு. அஃதின்றேல் அவை பேசவே மாட்டா. கம்பியில்லா ஹெட்போன்களிலோ மாற்றி ஹெட்போனுக்குள்ளேயே அமைந்துள்ளது. அவற்றை உடையார் வெளியிலிருந்து மற்றொன்றை வாங்குதல் வீண் செலவாகும். ஆகவே, நாம் கேட்க வேண்டிய கேள்வி, “மாற்றி வேண்டுமா?” என்பதன்று, “உள்ள மாற்றியிற் குறை யாது?” என்பதே.

குறை எங்கேயுள்ளது என நாடுதல்

வைத்தியர் மருந்தெழுதுமுன் நோய்க்குக் காரணம் தேடுவார். யாம் அவ்வாறு செய்யாமையே எம் பிழை. பொருள் வாங்கப் புகுவார் பின்வரும் ஐந்து சோதனைகளையும் செய்து பார்த்தல் நன்று. இவற்றுக்கு ஒரு சதமும் செலவில்லை.

1. நன்றாகப் பதிவு செய்யப்பட்ட வேறொரு பாடலைக் கேட்டுப் பார்க்க. அது தெளிவாக இருந்து, உமது பதிவு மட்டும் இரைச்சலாக இருப்பின், குறை பதிவிலேயே உள்ளது. பதிவிற் புகுந்த இரைச்சலும் எண்ணாகவே எழுதப்பட்டிருக்கும். எத்துணைச் சிறந்த மாற்றியாயினும் எழுதப்பட்ட எண்ணையே வாசிக்கும்; அவற்றுள் இது பாட்டி குரல், இது காற்றொலி எனப் பகுத்தறியாது.

2. எதனையும் இசைக்காது ஹெட்போனை மட்டும் பூட்டிக் கேட்க. சுட்டியை அசைக்கும்போதோ கோப்புக்களைத் திறக்கும்போதோ முரற்சி எழுமாயின், கணினியின் உட்சுற்றிலுள்ள மின்னிரைச்சல் ஒலிச்சுற்றிற் கலக்கின்றது என அறிக. வெளி மாற்றி பெரும்பாலும் தீர்க்கும் நோய் இதுவே.

3. மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றுக. இரைச்சல் உடனே நின்றால், குற்றம் மின்னேற்றியிலோ புவித்தொடுப்பிலோ உள்ளது. மின்கலத்தில் இயக்கிக் கேட்டலே செலவற்ற பரிகாரம்.

4. அதே கருவியில் வேறொருவருடைய ஹெட்போனைப் பூட்டிக் கேட்க. ஒலியின் தன்மை பெரிதும் மாறினால், பணத்தைச் செலவிட வேண்டிய இடம் ஹெட்போனே.

5. செருகியை மெல்லத் திருப்புக. கரகரவென்றால், துவாரத்திலே தூசியோ துருவோ சேர்ந்துள்ளது.

எம் மாணாக்கர்க்கு முதற் சோதனையும் இரண்டாவதும் இரண்டு வேறு குறைகளைக் காட்டின. முரற்சி கணினியினுடையது, இரைச்சல் பதிவினுடையது. முன்னதைச் சிறு செலவில் நீக்கியிருக்கலாம். பின்னதை 28,000 ரூபாயன்று, இரண்டு இலட்சம் கொடுத்தாலும் ஒரு மாற்றியால் நீக்க இயலாது.

மாற்றுதலும் பெருக்குதலும்

கடையில் வாங்கும் சிறு மாற்றி இரண்டு தொழில்களைப் புரிகின்றது. எண்ணை அலையாக்குவது ஒன்று. அவ்வலைக்கு ஹெட்போனை இயக்கப் போதிய வலுவைக் கொடுப்பது மற்றொன்று. இக்காலத்து மாற்றிகள் முதலாவது தொழிலைப் பெரும்பாலும் குறைவறச் செய்கின்றன. வேறுபாடு இரண்டாவது தொழிலிலேயே மிகுதியும் தோன்றும்.

ஹெட்போனின் பெட்டியிலே இரண்டு எண்கள் எழுதப்பட்டிருக்கும். ஓம் என்னும் அலகினால் வருவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை. டெசிபெல்லால் வருவது, குறித்த அளவு மின் கொடுக்கும்போது அது எழுப்பும் ஒலியின் அளவு.

ஓர் உதாரணம் காண்போம். தடை 32 ஓம்; ஒரு மில்லிவாற்றுக்கு 100 டெசிபெல் ஒலி. மாற்றி 1 வோல்ற்று கொடுப்பின், வோல்ற்றின் வர்க்கத்தைத் தடையாற் பிரிக்க ஏறத்தாழ 31 மில்லிவாற்று வரும். வலு பத்து மடங்காயின் 10 டெசிபெல் கூடும் என்னும் கணக்கால், 31 மடங்குக்கு 15 டெசிபெல் கூடும். ஆக 115 டெசிபெல். இது செவியைப் புண்படுத்தும் அளவு. இதற்கு மேலும் வலுவுள்ள கருவி எதற்கு?

மற்றோர் உதாரணம்: தடை 300 ஓம்; ஒரு மில்லிவாற்றுக்கு 97 டெசிபெல். அதே 1 வோல்ற்றுக்கு இங்கே 3.3 மில்லிவாற்றே கிடைக்கும். ஒலி 102 டெசிபெல். இசையின் உச்சங்கள் சராசரியினும் 15 அல்லது 20 டெசிபெல் உயர்ந்து எழும் ஆதலின், மெல்லிய பதிவுகளுக்கு இது சற்றே குறைவுபடலாம். இத்தகைய உயர்தடை ஹெட்போன் வைத்திருப்பார்க்கே 2 வோல்ற்றும் அதற்கு மேலும் கொடுக்கும் கருவி தேவையாகும். ஏனையோர் அதற்குப் பணம் கொடுத்தல், நீரிறைக்க ஒரு வாளி போதுமான வீட்டிலே பெரும் இயந்திரம் பூட்டுவதை ஒக்கும்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. மாற்றியின் வெளிவாயிலுக்கும் ஒரு தடை உண்டு. அது ஹெட்போனின் தடையில் எட்டிலொரு பங்கினும் குறைவாக இருத்தல் நலம். 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓமுக்கு உட்பட்டிருக்க வேண்டும். மிகுமாயின், சில ஹெட்போன்களிலே தாழ்சுரங்கள் வீங்கியும் மெலிந்தும் ஒலிக்கும்.

விலையும் தெரிவும்

2016ஆம் ஆண்டிலே ஆப்பிள் நிறுவனம் தன் கைபேசியினின்று ஹெட்போன் துவாரத்தை நீக்கிற்று. பிற நிறுவனங்கள் பலவும் அவ்வழியைப் பின்பற்றின. அதனால் விரல் நீளமுள்ள சிறு இணைப்புக்கள் கடைகளிற் பெருகின. அவற்றுள் 2018இல் ஆப்பிள் வெளியிட்ட டைப்-சி இணைப்பின் விலை அமெரிக்காவில் 9 டொலர். கம்பித்துண்டு போலத் தோன்றினும், அதனுள்ளே முழு மாற்றி ஒன்று உறைகின்றது. அளவைக் கருவிகளாற் சோதித்தோர், பன்மடங்கு விலையுள்ள பெட்டிகளோடு அதனை ஒப்பிடத் தகும் எனக் கண்டனர்.

ஆயினும் அறிய வேண்டியவை சில உள. ஏ2049 என்னும் எண்ணுடைய வகை ஏறத்தாழ 1 வோல்ற்று கொடுக்கும். ஐரோப்பாவில் விற்கப்படும் ஏ2155 அதன் பாதியையே கொடுக்கும். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் தம் உறவினர்க்கு அனுப்பும்போது இவ்வெண்ணைப் பார்த்து அனுப்புவாராக. மேலும், அண்ட்ரொயிட் கைபேசிகள் சிலவற்றிலே அவ்விணைப்பின் ஒலி முழுமையாக எழாது. கணினியிலே அக்குறை இல்லை. அண்ட்ரொயிட் உடையார் வேறு நிறுவனத்தின் சிறு மாற்றியைத் தம் கைபேசியிற் பூட்டிக் கேட்டபின் வாங்குதல் நன்று.

மற்றொரு பொறியும் உண்டு. உள்ளே மாற்றியே இல்லாத வெறுங்கம்பி இணைப்புக்களும் அதே வடிவில் விற்கப்படுகின்றன. அவை, டைப்-சி துவாரத்தின் வழியே அலையையே நேராக அனுப்பும் சில கைபேசிகளுக்கு மட்டும் பொருந்தும், ஏனையவற்றில் ஊமையாகும். “இதனுள் டாக் உண்டா?” என்று கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்க.

எம் நாட்டிலே விலையின் கணக்கு டொலரின் கணக்கே. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது. அவ்வாண்டின் நடுவிலே 360 ரூபாயை எட்டியது. 1,800 ரூபாய்ப் பொருள் சில மாதங்களுள் 3,200 ரூபாயைத் தாண்டிற்று. 2024இல் டொலர் 300 ரூபாய் அளவுக்கு இறங்கியது. இறக்குமதித் தீர்வையும் கடைக்காரர் ஊதியமும் இதன்மேற் சேரும். ஆதலின், ஓராயிரம் ரூபாயும் பொருட்படுத்தத் தக்கதே.

யாம் கூறும் பங்கீடு இது. கையில் 10,000 ரூபாய் இருப்பின், 7,000க்குக் குறையாமல் ஹெட்போனுக்கு வைக்க. எஞ்சியதில் ஒரு சிறு மாற்றி கொள்க. அதுவும் மேற்கூறிய சோதனைகளில் உள்மாற்றி தவறினால் மட்டுமே. ஹெட்போனுக்கு ஹெட்போன் ஒலி வேறுபடுதல் எவர் செவிக்கும் புலப்படும். நன்றாக அமைந்த இரண்டு மாற்றிகளின் வேறுபாடோ பலர்க்குப் புலப்படுவதில்லை.

பெட்டிமேல் எழுதிய எண்கள்

எம் மாணாக்கர் வாங்கிய பெட்டியில் 32 பிற்று எனவும் 384 கிலோஹேர்ட்ஸ் எனவும் பொறிக்கப்பட்டிருந்தன. எண் பெரிதாயின் ஒலியும் சிறக்கும் என யாமும் நம்பினோம். 24 பிற்றுக்கே 144 டெசிபெல் அகலம் வேண்டும்; மின்சுற்றுக்களில் வெப்பத்தால் எழும் இயற்கை இரைச்சல் அவ்வளவுக்கு இடங்கொடாது. 32 பிற்று என்பது உள்ளே கணக்குப் போடுதற்கு உதவுமேயன்றிச் செவிக்கு எட்டுவதில்லை.

இதனைச் சோதித்தாரும் உளர். பிராட் மேயர், டேவிட் மோரன் என்னும் இருவர் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே, உயர்நுட்பப் பதிவொன்றையும், அதனையே குறுந்தட்டின் அளவுக்கு இறக்கி எடுத்ததையும் கேட்போர்க்கு மாறிமாறி இசைத்துக் காட்டினர். 554 முறை சோதித்ததிலே சரியாகச் சொன்னவை நூற்றுக்கு 50க்குச் சற்றுக் குறைவு. நாணயம் சுண்டிப் பார்த்தாலும் அதுவே வரும். 2016இல் ஜோஷுவா ரீஸ் என்பார் 18 ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்து, சரியான விடை நூற்றுக்கு 52.3 என்றும், பயிற்சி பெற்றோர்க்கு அது மேலும் உயரும் என்றும் கண்டார். ஆகவே, வேறுபாடு அறவே இல்லை என்று கூறுதலும் மிகையே; அது மிகமிகச் சிறிது என்பதே நேர்மை.

கடையிலே ஒப்பிட்டுக் கேட்பார் ஒன்றை மனங்கொள்க. ஒரு சிறிதே உரத்து ஒலிப்பது, சிறந்து ஒலிப்பதாகச் செவிக்குத் தோன்றும். இரண்டு கருவிகளையும் ஒரே உரப்பில் வைத்து, எது எதுவென்று அறியாதவாறு நண்பர் ஒருவரை மாற்றித் தரச் செய்து, 16 முறை கேட்டுச் சொல்க. 12 முறையேனும் சரியாகச் சொன்னால் நீர் வேறுபாட்டை உணர்ந்தீர் எனலாம். குருட்டுவாக்கில் அவ்வாறு வாய்ப்பது நூற்றுக்கு நான்கே. 8 அல்லது 9 ஆயின், பணத்தைச் சட்டைப் பையிலே திரும்ப வைக்க.

உப்புக்காற்றும் செவியும்

கடல் சூழ்ந்த எம்மூரிலே கருவிக்குப் பகை உப்புக்காற்று. சன்னலோரத்தில் விட்ட செருகி சில மாதங்களிற் பச்சை பூத்துக் கரகரக்கும். பயன்படுத்தாத வேளையில் இறுக மூடிய தகரப்பேணியிலே, புதுப் பொருள்களோடு வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலம் ஒன்றுடன் இட்டு வைக்க. செருகியை உலர்ந்த துணியாலே துடைக்க. எம் கல்லூரி மாணாக்கர் சிலர் “டாக் பழுது” என்று கொணர்ந்தவற்றுட் பல இத்துடைப்பினாலேயே திருந்தின.

கருவி பழுதாயின் மற்றொன்று வாங்கலாம். செவியின் உள்ளேயுள்ள மயிர்க்கலங்கள் ஒருகால் அழிந்தால் மீண்டும் முளையா. உலகச் சுகாதார நிறுவனம், வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் வரை கேட்டலை வளர்ந்தோர்க்கு எல்லையாக வகுத்துள்ளது. சிறுவர்க்கு 75 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் நேரம் பாதியாகும். 83 ஆயின் 20 மணி; 86 ஆயின் 10 மணி; 89 ஆயின் 5 மணியே.

மாணவர் பலர் பேருந்தின் இரைச்சலை மறைக்கவே ஒலியைக் கூட்டுகின்றனர். அதற்கு மருந்து வலுமிக்க மாற்றி அன்று. காதை நன்றாக மூடும் ஹெட்போனே. வெளியிரைச்சல் குறைந்தால், குறைந்த ஒலியிலேயே சொல் தெளியும். இதுவும் பணத்தை ஹெட்போனுக்கே முதலில் வைக்கச் சொல்லுதற்கு ஒரு காரணம்.

முடிவுரை

தொடங்கிய கதையை முடித்தல் கடன். அக்கறுப்புப் பெட்டியை எம் மாணாக்கர் 19,000 ரூபாய்க்கு வேறொருவர்க்கு விற்றார். இழப்பு 9,000 ரூபாய். அதிற் பாதியை ஏற்க யாம் எத்துணை வேண்டியும் அவர் இணங்கவில்லை. ஈற்றில், அவர் தம்பியார்க்கு அவ்வாண்டுப் பாடநூல்களை வாங்கிக் கொடுத்து ஒருவாறு மனம் ஆறினோம். விற்ற பணத்தில் 3,500 ரூபாய்க்கு ஒரு சிறு மாற்றியும், 8,000 ரூபாய்க்குச் செவியை மூடும் ஹெட்போனும் அவர் வாங்கினார். மிச்சத்தைத் தாயாரிடம் கொடுத்தார்.

ஒருநாள் மாலை, பாடசாலை விட்டபின், எமது ஆசிரியர் அறையில் அப்பதிவை மீண்டும் கேட்டோம். கணினியின் முரற்சி இல்லை. பதிவின் இரைச்சல் இருந்தது. ஆயினும் குரல் அதற்கு முன்னே நின்றது. தாலாட்டு முடிந்தபின் பதிவை நிறுத்துமுன் கழிந்த சில விநாடிகளை அதுவரை ஒருவரும் பொருட்படுத்தியதில்லை. கைபேசியின் ஒலிபெருக்கியிலும், முன்னர் அவர் வைத்திருந்த மலிவான காதுச்செருகியிலும் அவ்விடம் வெறும் இரைச்சலாகவே கேட்டது. இப்போது அதனுள்ளே ஒரு மெல்லிய குரல் தெரிந்தது: “சோறு திண்டியோ, மனே?”

அவர் ஹெட்போனைக் கழற்றி எம்மிடம் நீட்டினார். யாமும் கேட்டோம். அவ்வெண்கள் ஈராண்டுகளாக அப்பதிவிலேயே இருந்தன. அவற்றைச் செவிக்குக் கொணர்ந்தது பெட்டிமேற் பொறித்த பெரிய எண் அன்று. குறையை அறிந்து, அதற்கேற்ற பொருளைத் தேர்ந்ததே.

அன்றே அப்பதிவை மூன்று இடங்களிற் படியெடுத்து வைக்கச் செய்தோம். எமது பழைய மாணவரும் தத்தம் வீட்டு முதியோரின் குரல்களை இன்றே பதிவு செய்து வைப்பாராக. பதிவு செய்யுங்கால் விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, கைபேசியை முதியவர்க்கு ஒரு முழத்துக்கு அண்மையில் வைத்தால், பின்னர் எந்த மாற்றியையும் தேடி அலைய வேண்டியதில்லை. எம் மாணாக்கர்க்கு அன்று யாம் கூறியிருக்க வேண்டிய அறிவுரை இதுவே. காலந்தாழ்த்தேனும் இவ்விழா மலர் வாயிலாக எல்லார்க்கும் கூறுகின்றோம்.

கல்லூரி வாழ்க! அதன் மக்கள் நற்செவி பெற்று வாழ்க!